வரிப் படிவத்தில் குடியேறிய மனைவி

புதிதாகக் கலியாணம் கட்டியவனின் கையில் படிவம் எதையும் கொடுக்கக் கூடாது. மனைவியின் பெயரை எழுத ஓர் இடம் கண்டால் எழுதிவிடுவான்.

2009இல் நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். கலியாணமாகிப் பன்னிரண்டாம் நாள் வளர்மதியைக் கொழும்பில் விட்டுவிட்டு லண்டன் இல்ஃபோர்ட்டில் இருந்த என் ஒற்றை அறைக்குத் திரும்பியிருந்தேன். வேலைத்தலத்தில் மருத்துவக் காப்புறுதிப் பத்திரம் நீட்டினார்கள். மனைவிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அவளுடைய பெயரையும் என் முகவரியையும் எழுதினேன். (கொழும்பில் தடிமன் பிடித்தால் இல்ஃபோர்ட்டில் வந்து மருந்தெடுப்பாளாக்கும்!) இரண்டு பெயரையும் ஒரே முகவரியில் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

கொம்பனி கட்டும் காப்புறுதியும் வருமானம்தானாம், வருடாந்த வரிப் படிவத்தில் காட்ட வேண்டுமாம். காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். இருவருக்கான தொகையாக இருக்கிறதே, கேள்வி வருமோ என்று பயந்து, மேலதிக விபரத்துக்கான வெற்றிடத்தில் இப்படி எழுதினேன்: "இது எனக்கும் என்னோடு வசிக்கும் என் மனைவிக்கும்."

எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

என் கெடுகாலம், வளர்மதியின் விசாவுக்கு வருமான அத்தாட்சியாக அனுப்பியதும் அதே படிவத்தின் பிரதிதான். விசா அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் எப்ப லண்டனுக்கு வந்தனான்?"

"நீர் இன்னும் வரேல்லையே."

"அதைத்தான் நானும் சொன்னனான். அந்த அதிகாரி உங்கட எழுத்தைக் காட்டி, பொய் சொல்லுறது நீரோ, உம்மட புருஷனோ எண்டு கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அவர்தான் எண்டன்."

விசா மறுக்கப்பட்டது. வரி அலுவலகத்துக்குத் திருத்தம், கொம்பனிக்கு மன்னிப்புக் கடிதம், பிறகு புது விண்ணப்பம் என்று ஏழு மாதம் போனது. அவளைப் பாராமல் இருப்பது தாங்க முடியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போய், யார் யாரையோ யார் யாரோ கட்டிப்பிடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். (இரண்டு தடவை காவலர் விசாரித்தார்.)

இப்போதும் விருந்தினர் யாராவது, "அக்கா, நீங்கள் எப்ப லண்டனுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டால் போதும்.

"வந்தது 2010இல. இவரோட குடும்பம் நடத்தத் தொடங்கினது அதுக்கு முதல் வருசம்," என்பாள் வளர்மதி. பிறகு முழுக் கதையும் வரும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

ஒருமுறை சனமெல்லாம் போன பிறகு கேட்டாள்: "அந்த வருசம் நான் உங்கட அறையில என்னதான் செய்தனான்?"

"நீர் ஒண்டும் கதைக்கேல்லை. நான்தான் உம்மோட கதைச்சுக்கொண்டிருந்தனான்," என்றேன்.

அதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.