ஹந்து நாற்காலி

கல்யாணமான நாளிலிருந்து பரஞ்சோதி யாரையும் கேட்காமல் வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது அவரிடம் பேசியது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

கூலிம் நகரத் தொழிற்சாலையில் அவருக்கு இரவு ஷிப்ட். விடிய விடிய நின்றுகொண்டே வேலை. இடுப்பு போய், முதுகு போய், மிச்சமிருந்தது மானம் மட்டும்தான். ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸில் சபதம் எடுத்தார்: இன்றைக்கு நான் முடிவெடுப்பேன்! வீட்டுக்கு வந்ததும் மனைவி லோகேஸ்வரி குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் கைப்பேசியிலேயே ஒரு மசாஜ் நாற்காலிக்கு ஆர்டர் போட்டுவிட்டார். ஆன்லைன் கடைக் கணக்கு அவள் பேரில் இருந்தது. அந்த வீட்டில் எல்லாக் கணக்கும் அவள் பேரில்தான்.

நாற்காலி வரும் நாளில் கூரியர் லாரிக்காரனிடமிருந்து மலாயில் ஒரு செய்தி வந்தது. ‘கெருசி ஹந்தார்’ என்று எழுத நினைத்தவன், அவசரத்தில் ‘கெருசி ஹந்து’ என்று தட்டியிருந்தான். கெருசி என்றால் நாற்காலி, ஹந்தார் என்றால் அனுப்புவது. ஹந்து என்றால் பேய்.

“பாத்தியா, பேய் நாற்காலியாம்!” என்று பரஞ்சோதி வயிறு குலுங்கச் சிரித்தார். லோகேஸ்வரி சிரிக்கவில்லை. செய்தியை இன்னொரு தடவை படித்தாள்.

நாற்காலி வந்து இறங்கியது. யானைக்குட்டி அளவு.

“என்னங்க இது?”

“நாற்காலி.”

“ஹால் எங்க?”

“நாற்காலிக்கு அடியில.”

“திருப்பி அனுப்புங்க. பிடிக்கலைன்னா எடுத்துக்கறேன்னு கடைக்காரனே போட்டிருக்கான்ல?”

“எனக்குப் பிடிச்சிருக்கே! பிடிச்சவனுக்கும் உரிமை இருக்கு லா.”

“எங்கம்மா முட்டி வலிக்கு ஒரு சாய்வு நாற்காலி கேட்டு எத்தன தீபாவளி போச்சு? பார்க்கலாம் பார்க்கலாம்னீங்க.”

“இப்பவும் அதான் சொல்றேன். பார்க்கலாம்.”

அசல் பெட்டி இல்லாமல் எந்தப் பொருளும் திரும்பப் போகாது என்பது பரஞ்சோதிக்குத் தெரியும். பெட்டியைத் தரதரவென்று இழுத்துப்போய்க் குப்பைத் தொட்டியருகே போட்டார். உள்ளே கிடந்த மேனுவலும் அதோடு போனது. ஆம்பளைக்கு எதற்கு மேனுவல்? உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்! லோகேஸ்வரி வாசலில் நின்று பெட்டி கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரஞ்சோதி பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான். மனுஷன் நாற்காலியில் கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்தார்.

பாடாங் செராயில் அவர்கள் இருக்கும் தாமான், அதாவது குடியிருப்பு, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் இன்னமும் கொஞ்சம் மரங்கள் நிற்கின்றன. உச்சி வேளையில் அந்தப் பக்கம் ஒரு இலை அசையாது. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். லோகேஸ்வரி தமிழ்ப்பள்ளி கேண்டீனில் கரண்டி பிடித்துக்கொண்டிருப்பாள். ஷிப்ட் முடிந்து வந்த பரஞ்சோதி மட்டும் அறையில் தனியாகத் தூங்குவார்.

அன்றைக்கும் தூங்கினார். ஹாலில் யாரோ முனகியதில் விழிப்பு வந்தது.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். ஹாலில் ஆள் இல்லை. நாற்காலி மட்டும் மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தது. முதுகுத் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டு மேலே ஏறியது, நின்றது, கீழே இறங்கியது. கால் வைக்கும் இடம் உப்பிக்கொண்டு வந்தது, உள்ளே இரண்டு கால் இருப்பதுபோல. வீட்டுக்குப் பின்னால் ரப்பர்க்கொட்டை ஒன்று பட்டென்று வெடித்தது.

பிறகு ஒரு பெண் குரல், மெல்ல:

“சிலா டுடுக்.”

உட்காருங்கள் என்கிறாள். யாரைச் சொல்கிறாள்? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பிளக்கைப் பிடுங்கிவிடலாம். ஆனால் பிளக் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதன் மடிமேல் குனிந்தால்தான் கை எட்டும். மடி என்றால், யார் மடி? அவர் கதவைச் சாத்திக்கொண்டு முனீஸ்வரனைக் கூப்பிட்டார்.

மறுநாள் உச்சி வேளையிலும் அதே முனகல், அதே குரல். அன்றைக்குக் கைலியோடு பக்கத்து வீட்டுக்கே ஓடிவிட்டார். பாப்பம்மா கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த இடத்துல முன்ன என்னக்கா இருந்துச்சு?”

“ஒனக்குத் தெரியாதா தம்பி? கிராணி பங்களா. கணக்கெழுதுற மனுஷன். மத்தியானம் ஆனா சாய்வு நாற்காலில காலைத் தூக்கிப் போட்டுப் படுப்பாரு. அப்படியே போயிட்டாரு.”

“எங்க போனாரு?”

“எங்க போவாரு? படுத்த வாக்குல போயிட்டாரு லா!”

“எங்க வீட்ல பொம்பள குரல்ல கேக்குதேக்கா.”

பாப்பம்மா கருவாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அப்ப அவரு சம்சாரம். புருஷனத் தேடுது.”

சாயங்காலம் லோகேஸ்வரி வந்ததும் பரஞ்சோதி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“லோகா, அந்தச் சனியனத் திருப்பி அனுப்பிடு!”

“ஏன், பிடிச்சிருக்குன்னீங்க?”

“எனக்குப் பிடிச்சது போய், என்னையே பிடிக்கப் பாக்குது! லாரிக்காரன் அன்னைக்கே எழுதினான், ஹந்துன்னு. நான்தான் சிரிச்சேன்.”

அவள் அனுதாபத்தோடு கைப்பேசியை எடுத்தாள். “காரணம் கேக்குறான். பழுதா, மனசு மாறிடுச்சா?”

“பேய்னு இல்லையா?”

“இல்லைங்க. பழுதுன்னா கூரியர் கூலி அவன் கட்டணும். மனசு மாறினா நாம கட்டணும்.”

“பழுதுன்னு போடு! பேய் இருந்தா அது பழுது இல்லாம வேற என்ன? நான் பயனீட்டாளர். எனக்கு உரிமை இருக்கு!”

“இருக்கு. ஆனா படம் கேக்குறான். நாளைக்கு மத்தியானம் கிட்டப் போயி ஒரு படம் எடுத்துடுங்க.”

பரஞ்சோதியின் மனசு அந்த நொடியே மாறியது. “கூலிய நானே கட்டுறேன். மனசு மாறிடுச்சுன்னே போடு!”

“பெட்டி வேணுமே.”

அவர் முகம் கருவாடாகச் சுருங்கியது. லோகேஸ்வரி ஸ்டோர் கதவைத் திறந்தாள். பெட்டி உள்ளே பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. தனக்கு வாய்த்தது பெண்டாட்டி அல்ல, தெய்வம் என்று பரஞ்சோதிக்குக் கண் கலங்கியது.

கூரியர்காரர்கள் வந்து தூக்கினார்கள். “அண்ணே, பெராட்டு லா, ரொம்ப கனம்!” என்றான் ஒருவன் மூச்சு வாங்க. “உள்ள யாராச்சும் உக்காந்திருக்காங்களா?” பரஞ்சோதி லாரி மறையும்வரை திருநீற்றுத் தட்டோடு வாசலில் நின்றார்.

அதற்குப் பிறகு உச்சி வேளை அமைதியாகப் போனது. பேய் போய்விட்டது. பணம்தான் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்றாள் லோகேஸ்வரி. பரஞ்சோதிக்கு ரத்தம் கொதித்தது.

“விடமாட்டேன்! ஏமாளின்னு நெனச்சானா? ட்ரிப்யூனலுக்குப் போறேன். கூண்டுல ஏத்துறேன்!”

“போங்க. அதுக்கு முன்ன ஞாயித்துக்கிழமை அம்மாவப் பார்த்துட்டு வந்துடுவோம்.”

மாமியார் ஊரான புக்கிட் செலம்பாவ் போய்ச் சேரும்போது சரியான உச்சி வேளை. மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஒரு இலை அசையவில்லை. வீட்டுக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டிலிருந்து ஒரு முனகல். அதன்பின், மெல்ல:

“சிலா டுடுக்.”

பரஞ்சோதிக்கு முடியெல்லாம் நட்டுக்கொண்டது. பாடாங் செராயிலிருந்து பின்னாலேயே வந்துவிட்டாள்! அவர் மோட்டார் சைக்கிள் பக்கம் பாய, லோகேஸ்வரி சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

ஹாலில் மாமியார் பிச்சையம்மாள் காலைத் தூக்கிப் போட்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருக்குக் கீழே யானைக்குட்டி உருண்டுகொண்டிருந்தது.

“வாங்க மாப்ள. நீங்க அனுப்பின நாற்காலி சொர்க்கம். முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. லோகா அங்கேருந்தே போன்ல தட்டுறா, இங்க தானா ஆடுது!”

பரஞ்சோதி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“உச்சி வேளையில… நீயா?”

“வைஃபை இருந்தா எங்கேருந்து வேணும்னாலும் ஓட்டலாமாங்க, போன்ல ஓட்டினா பேசவும் செய்யுமாம். மேனுவல்ல போட்டிருந்துச்சு. நீங்க பெட்டியோட தூக்கிப் போட்டீங்களே, அதே மேனுவல்.”

“அப்ப அது ஹந்து இல்லையா?”

“லாரிக்காரன் தப்பா எழுதிட்டான். நான் திருத்தி எங்கம்மாவுக்கு அனுப்பிட்டேன். ஹந்தார்.”

பரஞ்சோதி நெஞ்சை நிமிர்த்தினார். “என் காசு! என் நாற்காலி! கூரியர் கூலியும் நான் கட்டியிருக்கேன்! ஒரு பயனீட்டாளர்ங்கற முறையில நான் கேக்குறேன்…”

“நின்னுக்கிட்டே பேசுறீங்களே மாப்ள,” என்றார் பிச்சையம்மாள்.

“சிலா டுடுக்,” என்றது நாற்காலி.

பரஞ்சோதி தரையில் உட்கார்ந்தார்.