வேலிக்கு வெளியே ஒரு குசினி

கோலாலம்பூர் பத்து ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மதார் சாகிபு, கௌரவமான மனுசர் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் செய்தார். ஊருக்கு வெளியே வீடு வாங்கினார். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. காடெல்லாம் துப்பாக்கிச் சத்தம், ரோடெல்லாம் ராணுவ லோரி. இருந்தாலும் கையில் நாலு காசு பார்த்தவனெல்லாம் காற்று வாங்க ஒரு இடம் தேடினான். அதுதான் அப்போதைய மோஸ்தர். தரகர் உடையப்பன் அவரை ஈஜோக் பக்கம் ஒரு கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, கூட்டிப்போய், "கோலாலம்பூர் கூப்பிடு தூரம் பாய்" என்றார். யார் கூப்பிட்டால் கேட்கும் என்று பாய் கேட்கவில்லை.

பலகை வீடு. முன்னால் ரம்புத்தான் மரம். பின்னால், வீட்டுக்குள் புகை வரக்கூடாதென்று தனியாகக் கட்டிய குசினி. அதைப் பார்த்ததும் மனைவி சபுராவுக்கு வாயெல்லாம் பல். மகள் அஜீஸாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். கிள்ளான் சம்பந்தியம்மா ஜெய்புன்னிசா கறாராகச் சொல்லியிருந்தார்: கடைச் சோறு ஆகாது, பெண் வீட்டு அடுப்பில் ஆக்கின நெய்ச்சோறு வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வரமாட்டார். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு இதைவிட அவமானம் உண்டா? பாய் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

குடிவந்த மறுவாரம் அரசாங்கம் வந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளான காட்டுக்காரர்களிடமிருந்து கம்பத்தைக் காப்பாற்ற முள்வேலி போடுகிறார்களாம். துரை வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்திருந்தார். கோடு நேராக இருந்தது, கம்பம் நேராக இல்லை. வேலி பாயின் வீட்டுக்கும் குசினிக்கும் நடுவில் போயிற்று. வீடு உள்ளே, அடுப்பு வெளியே.

சபுரா அரிசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வழியாகக் குசினிக்குப் போகப் பார்த்தாள். காவலுக்கு நின்ற மாத்தா, அதாவது போலீஸ்காரன், மறித்தான். வேலியைத் தாண்டி அரிசி போனால் காட்டுக்காரன் தின்றுவிடுவானாம். பாய் விழுந்தடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். அங்கே குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி சிவானந்தம் இருந்தார். மண்டபத்தில் சொற்பொழிவு செய்வது மாதிரிதான் அவர் எப்போதும் பேசுவார்.

"வேலிய ரெண்டு முழம் தள்ளிப் போடுங்க லா" என்றார் பாய்.

"வேலி வரைபடத்தில் உள்ளது. தங்கள் குசினி வரைபடத்தில் இல்லை. இல்லாத குசினிக்காக இருக்கும் வேலியை எவ்வாறு நகர்த்துவது?"

"சரிங்க. இல்லாத குசினிக்கு அரிசி எப்படிங்க போகும்? போகாத அரிசிய எதுக்குத் தடுக்கிறீங்க?"

சிவானந்தம் எழுந்தார். உள்ளே போய்த் துரையைக் கேட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"வேலிக்கு வெளியே இருப்பது, அரசாங்கத்தின் பார்வையில், காடு. காட்டில் அடுப்பு மூட்டுபவர் யார் என்பது தங்களுக்கே தெரியும்."

"ஐயையோ, அது என் பொஞ்சாதிங்க!"

"அப்படியானால் அவர் சரணடையலாம். சரணடைபவர்களிடம் அரசாங்கம் மிகுந்த கருணை காட்டுகிறது."

பாய் வீட்டுக்கு வந்து சொன்னார். சபுரா கொதித்தாள். "நான் எதுக்குச் சரணடையணும்? உங்களுக்குக் கழுத்த நீட்டுன அன்னைக்கே அடைஞ்சாச்சு!"

வேறு வழியில்லாமல் முன்ஹாலில் அடுப்பு மூட்டினார்கள். வீடு முழுக்கப் புகை. கல்யாண நாளும் வந்தது. கிள்ளான் லோரி கேட்டில் நின்றது. மாத்தா ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்தான், மாப்பிள்ளையின் பூமாலையைக்கூடப் பிரித்துப் பார்த்தான். போச்சு, மகள் வாழ்க்கை போச்சு என்று பாய் முனகினார்.

ஜெய்புன்னிசா இறங்கி, முள்வேலியைப் பார்த்தார், காவல் கோபுரத்தைப் பார்த்தார்.

"அடேயப்பா! கிள்ளான்ல துரைமாருக்கே இந்தக் காவல் கிடையாதே! சம்பந்தி, எங்களுக்கும் இங்கன ஒரு இடம் பாத்துக் குடுங்க."

நெய்ச்சோற்றில் அடித்த புகை வாடையை யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து உடையப்பன் காட்டில் மழை. "வேலி உண்டு, கோபுரம் உண்டு, ஆறு மணிக்கு மேல் அந்நியர் தொந்தரவு அறவே கிடையாது" என்று கூவிக் கூவி விற்றார். வேலிக்கு வெளியே இருந்த நிலத்தை நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாயும் "எங்க கேட்ல ரொம்பக் கெடுபிடி" என்று பத்து ரோட்டில் அலுத்துக்கொள்வது மாதிரி பெருமையடித்தார். சபுரா மட்டும் வருஷக்கணக்காகப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தாள்.

ஒருநாள் சிவானந்தம் ஆட்களோடு வந்தார். இது இனி ஆபத்தில்லாத பகுதி, வேலியைப் பிரிக்க உத்தரவு. சபுரா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். பாயோ கம்பத்தையே திரட்டிக்கொண்டு வேலிக்கு ஓடினார்.

"வேலிய எடுத்தா எங்க நிலத்துக்கு என்ன மரியாதை?"

"தங்களுக்குச் சுதந்திரம் வழங்கப்பட்டுள்ளது!"

"அதெல்லாம் வேணாங்க. வேலி போதும்."

அரசாங்கம் பிரித்த வேலியைக் கம்பம் தன் செலவிலேயே திரும்பக் கட்டியது. பழைய மாத்தாவையே கேட்டைக் காக்கும் ஜாகாவாக வைத்தார்கள். வேலிக் கமிட்டிக்குப் பாய் தலைவர்.

"நம்ம வேலிதானே? குசினிக்கு அந்தப் பக்கமாப் போடச் சொல்லுங்க" என்று சபுரா கெஞ்சினாள்.

"துரை போட்ட கோடு புள்ள! மாத்துனா அசல் வேலின்னு யாரு நம்புவா?"

அவள் அரிசிச் சட்டியோடு கேட்டுக்குப் போனாள். ஜாகா மறித்தான். பாயைப் பார்த்தான். பாய் தொண்டையைக் கனைத்தார். "சட்டம்னா சட்டம்தான்."

சபுரா சட்டியைப் புருஷன் கையில் திணித்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே நடந்தாள். குசினி வாசலில் நின்று கத்தினாள்: "நான் காட்டுக்குப் போயிட்டேன்! நீங்கள்லாம் எப்ப வந்து சரணடையிறீங்கன்னு பாக்கிறேன்!"

வேலிக்கு வெளியே மரவள்ளியும் காட்டு மிளகாயும் மண்டிக் கிடந்தன. சாயங்காலம் கிழங்கு வேகிற வாசனையும் மிளகாய்ச் சம்பல் வாசனையும் காற்றில் வந்தன. கம்பமே முள்வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. ஆறு மணி ஆகிவிட்டது, ஜாகா கேட்டைப் பூட்டிவிட்டான்.

பாய் பசி தாங்காமல், கேட்டைத் திறக்கச் சொல்லிக் கமிட்டித் தலைவருக்கு ஒரு மனு எழுதினார். எழுதியதைத் தலைவர் என்ற முறையில் கவனமாகப் படித்தார். விதியில் இடமில்லை என்று தள்ளுபடி செய்தார்.