எல்லோருக்கும் ஏழாம் நம்பர்

உலக மருத்துவ வரலாற்றில் நோயாளிகளிடையே பூரண சமத்துவத்தை நிலைநாட்டிய பெருமை பதுளை டொக்டர் றிச்சர்டையே சாரும். அவருடைய டிஸ்பென்சரியில் அன்று முதலில் வந்தவருக்கும் ஏழாம் நம்பர், கடைசியில் வந்தவருக்கும் ஏழாம் நம்பர்.

கபிரியேலுக்கு இந்தப் புரட்சி உடனே விளங்கவில்லை. நமுனுகுல பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். மடியில் ஆறு வயது மகள் கிருஷாந்தி. தாயில்லாத பிள்ளை. விடிந்ததிலிருந்து இழுப்பு; மூச்சு விசில் அடித்தது. அந்த நெஞ்சின் குணம் டொக்டர் றிச்சர்டுக்குத்தான் தெரியும் என்று அவன் நம்பினான்.

"ஏழாம் நம்பர் வாங்க" என்று நம்பர் துண்டு கொடுக்கும் றிகாஸ் கூப்பிட்டார்.

பதினெட்டுப் பேர் எழுந்தார்கள்.

"நான்தாங்க ஏழு" என்றாள் முழங்கால் வீங்கிய அந்தோனியம்மா.

"நானும் ஏழுதாங்கக்கா. புள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றான் கபிரியேல்.

"அப்ப நீ முன்னுக்குப் போ தம்பி. நான் உனக்குப் பொறகு ஏழு."

போக முடியவில்லை. டொக்டரின் அறை பூட்டியிருந்தது.

போன வாரம் வரை துண்டு மட்டும் எழுதிய றிகாஸ், இப்போது 'ஊடக இணைப்பாளர்'. அவர் பொறுமையாக விளக்கினார்.

"டொக்டர் மாகாணசபைத் தேர்தல் கேக்கிறார். வாக்குச்சீட்டுல அவர்ட விருப்பு இலக்கம் ஏழு. சனத்துட மனசுல பதியணும்."

"எட்டாம் நம்பர் யாருக்கும் இல்லீங்களா?"

"மெதுவாப் பேசுங்க. எட்டு எதிராளி. அவரும் எங்கட கட்சிதான்."

அப்போது டொக்டர் வாசலில் தோன்றினார். இருபது வருடம் மனிதர்களின் நாடியைப் பிடித்தவர், மக்களின் நாடியைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார். முன்பு ஸ்டெதஸ்கோப் தொங்கிய கழுத்தில் பொன்னாடை தொங்கியது.

"உங்க நம்பர் என்ன?" என்று கேட்டார்.

"ஏழு" என்றார்கள் எல்லோரும், தங்கள் துண்டைப் பார்த்து.

டொக்டருக்குக் கண் கலங்கியது. நோயாளிகளிடம் இவ்வளவு ஒற்றுமையை அவர் கண்டதேயில்லை. றிகாஸ் போனில் நேரலையைத் தொடங்கினார்.

படத்துக்காக டொக்டர் கிருஷாந்தியைத் தூக்கினார். அவள் நெஞ்சு அவர் காதோடு ஒட்டியது. அவர் சிரிக்க மறந்துபோனார்.

"எப்ப இருந்து இழுக்குது?"

"வெள்ளன இருந்துங்கய்யா."

டொக்டரின் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. பொன்னாடைதான் அகப்பட்டது.

"டொக்டர், மொனராகலைக் கூட்டத்துக்கு லேட்" என்றார் றிகாஸ். "சுகாதாரத்தப் பத்திப் பேசணும்."

பிள்ளை தகப்பன் கைக்குத் திரும்பி வந்தது.

"நான் வந்து பாக்கிறேன்" என்றார் டொக்டர். எந்த மாதம் என்று சொல்லவில்லை.

கபிரியேல் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவை மறித்தான். ஒரு காலை உள்ளே வைத்தபோது, றிகாஸ் போனை முகத்துக்கு நேரே நீட்டினார். பின்னால் டொக்டர், வாகனத்தின் கண்ணாடியை இறக்கி, நேரலைக்குரிய குரலில் கேட்டார்.

"சொல்லுங்க கபிரியேல், உங்க தோட்டத்துக்கு நான் என்ன செய்யணும்?"

மூச்சுக்கு மூச்சு உள்வாங்கும் மகளின் கழுத்துக்குழியைக் கபிரியேல் பார்த்தான். பிறகு, பூட்டிய அறையைப் பார்த்தான்.

"தோட்டத்துக்கு ஒண்ணும் வேணாங்கய்யா. நீங்க உள்ளுக்குப் போனாப் போதும்."

றிகாஸ் பதறிப்போய் நேரலையை நிறுத்தினார்.

"என்ன டொக்டர் இது? எல்லாரும் வென்ற பிறகுதானே கேஸ் விழுந்து உள்ளுக்குப் போவாங்க."