வலது கை நலமாக இருக்கிறது

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்கா நலம். என் வலது கையும் நலம். மீதமுள்ள என்னைப் பற்றி நலம் என்று எழுத மனம் வரவில்லை. அங்கு நீயும் உன் வீட்டாரும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் எழுத்துக்கு மன்னிப்பு. முப்பத்து நான்கு வருடம் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து சான்றிதழ்களில் பெயர் எழுதியவன், 'அச்சு' என்று பட்டப்பெயர் வாங்கியவன், இப்படிக் கோழி கிண்டினது போல எழுதியிருக்கிறானே என்று நினைப்பாய். இது இடது கை எழுத்து மாப்பிள்ளை. நாலு நாள் யாருக்கும் தெரியாமல் பழைய பேப்பர் ஓரத்தில் எழுதிப் பழகினேன். வலது கையை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கியிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கையைக் காலை ஆட்டி விளையாடுகிற அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கலாமா, முழங்கால் வலிக்கு நல்லது என்கிறார்களே, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று போன வாரம் போனில் கேட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் லைன் போய்விட்டது. சிக்னல் கோளாறு என்று நீ நினைத்திருப்பாய். கட் பண்ணியது என் வலது கட்டைவிரல். அதை வைத்தால்தான் என் போன் திறக்கும், அதனால் அது மனசு வைத்தால்தான் நான் பேச முடியும். உன் அக்கா போனில் பேசலாம் என்றால் அவள் பக்கத்திலேயே நிற்பாள், அவள் யார் கட்சி என்பது உனக்குப் போகப் போகத் தெரியும். ஆகவேதான் இந்தக் காலத்தில் ஒருவன் தபால்தலை தேடி அலைந்திருக்கிறான். உன் கேள்விக்கு என் பதில் ஒரே சொல்தான். வாங்காதே.

என் வலது தோள் இரண்டு வருடமாக இறுகிக் கிடந்தது உனக்குத் தெரியும். சட்டை பட்டன் போடுவதும் மிச்சமிருக்கிற நாலு முடியை வாரிவிடுவதும் உன் அக்காதான். பிசியோதெரபி பெண் சுவரில் விரலால் ஏறச் சொன்னாள். நான் அவள் பார்க்கிறபோது மட்டும் ஏறுவேன். இதை எப்படியோ மோப்பம் பிடித்த என் மகள், தூரத்து ஊரில் இருந்தபடியே அந்தப் பெட்டியை அனுப்பிவிட்டாள். டிவிக்குக் கீழே வைக்க ஒரு கேமரா, கையில் பிடிக்க இரண்டு குச்சி, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. வலது கைதானே ரிப்பேர், அதனால் ஒரு குச்சிக்கு மட்டும் பேட்டரி போட்டோம். மகள் போனிலேயே எனக்கு ஒரு பொம்மையும் செய்து கொடுத்தாள். என்னைப் போலவே வழுக்கை, கண்ணாடி, சிவப்புச் சட்டை. நான் கையைத் தூக்கினால் திரையில் அது கையைத் தூக்கும். நான் பந்தை அடித்தால் அது அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "அருமை! இன்னொரு தடவை!" என்று சொல்லும். முப்பத்து நான்கு வருட வேலையில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளினோம், ஒரு பூச்சட்டி போனது, கீழ் வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்து "சார், நோயாளி வாயில ஊசி வெச்சிருக்கேன், நீங்க குதிச்சா நான் எங்க குத்துவேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதெல்லாம் சின்ன விஷயம். ஒரே மாதத்தில் என் கை காதுவரை ஏறியது. பிசியோதெரபி பெண் கோணத்தை அளந்து பார்த்துவிட்டு, தன் அளவுகோலைத்தான் சந்தேகப்பட்டாள்.

இதுவரை படித்தால் நல்ல சாமான் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணி, நல்ல வெளிச்சம், பின்பக்கம் வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கிறது. டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தேன். பொம்மை என்னைவிடக் கொஞ்சம் முந்திக் கையைத் தூக்குவது போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். ஆமாம், முந்தித்தான். "இங்க வா, இதைப் பாரு, அது எனக்கு முன்னாடியே அடிக்குது" என்று உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் துணியை உதறிக்கொண்டே, "அது சுறுசுறுப்பா இருக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று கையைத் தொடையோடு ஒட்டவைத்து அசையாமல் நின்றேன். பொம்மையும் நின்றது. கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அது மெதுவாக வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியது. என் கையும் பின்னாலேயே ஏறியது, மாப்பிள்ளை. நான் தூக்கவில்லை. வலியில்லாமல், வழுக்கிக்கொண்டு, காதைத் தாண்டி நேராக மேலே போய் நின்றது. உள்ளே அந்தக் குரல், "அருமை! இன்னொரு தடவை!" என்றது.

அன்றைக்கே ஒயரைப் பிடுங்கி, பெட்டியின் மேல் போர்வையைப் போட்டு மூடினேன். பெட்டி அடங்கிவிட்டது, கை அடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தை எடுக்கப் போனால் அது முதலில் ஒரு பந்தை அடித்துவிட்டுத்தான் கிண்ணத்துக்கு வரும். தெருவில் போகிற வருகிற முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் டாட்டா காட்டும். ஒரு நாள் நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திவிட்டது. டிரைவர் எனக்காகவே மெனக்கெட்டு நிறுத்தியிருக்கிறார், "சும்மா நிறுத்தினேன்" என்று அவரிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? நானும் உன் அக்காவும் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று தெரியாமல் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். உன் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியூர் போய் எத்தனை வருஷமாச்சு என்று வேறு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் ஜன்னலில் என் நிழல் தெரிந்தது. அதில் நான் கையைத் தூக்க நினைக்கும் முன்பே அது கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதற்கப்புறம்தான் பென்ஷன் ஆபீஸ் கூத்து. வருடா வருடம் போய், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? நான் உஷாராக இடது கையால் போட்டேன். கிளார்க் அம்மா பார்த்துவிட்டு, "சார், இது உங்க கையெழுத்து இல்லையே" என்றாள். "என்னுதுதாம்மா, கை மட்டும் வேற" என்றேன். "கை வேறன்னா ஆள் வேறன்னுதான் சார் அர்த்தம்" என்று வேறு தாளைக் கொடுத்தாள். நான் யோசிப்பதற்குள் வலது கை பேனாவை வாங்கி, தோள் கெடுவதற்கு முன்னால் நான் போட்ட அதே கையெழுத்தை, சுழி தவறாமல், கீழே ஒரு கோடு இழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. அந்த அம்மா பழைய ஏட்டைப் புரட்டிப் பார்த்து, "அச்சு அசலா இருக்கு சார். இவர்தான் உயிரோட இருக்கார்" என்று முத்திரை குத்தினாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு வீடு வருகிற வரை அந்தத் தாளே கண்ணில் நின்றது. ஏனென்றால் அந்தக் கோடு, மாப்பிள்ளை, அது நான் வேலையில் இருந்த காலத்தில் போடுவது. அதை நானே மறந்துபோயிருந்தேன்.

இனி எழுதப் போவதை உன்னிடம் எழுதவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் யாரிடம் சொல்வேன்? உன் அக்காவுக்கு அந்தக் கையைப் பிடித்துப்போய்விட்டது. நடக்கும்போது அது அவள் கையைப் பிடித்துக்கொள்கிறது. மழையில் அவள் பக்கமாகக் குடையைச் சாய்க்கிறது, நான் நனைகிறேன். மத்தியானம் அவள் ஜன்னலோரம் தலையை விரித்து உட்கார்ந்தால், அது சீப்பை எடுத்து, சிக்கு எடுத்து, வலிக்காமல் வாரிவிடுகிறது. நான் அவள் பின்னால் நின்றுகொண்டு என் கை செய்வதை வேடிக்கை பார்க்கிறேன். போன வாரம் பொறுக்க மாட்டாமல், "இதெல்லாம் நான் செய்யலை, கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும். முப்பத்தாறு வருஷத்துல நீங்க என்னைக்குச் செஞ்சிருக்கீங்க?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதைப் போய் ஏதாவது பண்ணிடாதீங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் பார்த்தாயா? என் உடம்பில் தொங்குகிற கைக்கு என்னிடமே சிபாரிசு. எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருக்கிறது. நானே வாரிவிடலாம் என்று நேற்று இடது கையால் சீப்பை எடுத்தேன். "ஐயோ, இழுக்குது, விடுங்க" என்று தலையை நகர்த்திக்கொண்டாள்.

ஆக, எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த இடது கை ஒன்றுதான். இரண்டாவது குச்சி இன்னும் டிவி அலமாரியில் கிடக்கிறது, பேட்டரி போட்டால் போதும், இதுவும் அந்தப் பக்கம் போய்விடும். இந்த வாரம் இரண்டு முறை பெட்டியின் மேலிருந்த போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. உன் அக்கா தான் மடிக்கவில்லை என்கிறாள். ஓரத்தோடு ஓரம் ஒட்டி அவ்வளவு சுத்தமாக மடிக்க இந்த வீட்டில் வேறு யாருக்கும் வராது. அதனால் வீட்டில் இருந்த பேட்டரியை எல்லாம், கடிகாரத்தில் இருந்ததையும் சேர்த்து, ஸ்க்ரூ ஆணி போட்டு வைக்கிற தகர டப்பாவில் போட்டுப் பரணில் ஒளித்துவிட்டேன். மூடி இறுகியிருந்தது, ஒற்றைக் கையால் திறக்க முடியவில்லை. நல்லவேளையாக அந்த நேரம் மட்டும் வலது கை சொன்ன பேச்சைக் கேட்டு, திறந்து மூடிக் கொடுத்தது. எப்போதாவது அதற்கும் நல்ல புத்தி வரும்போலிருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அந்தச் சனியனை வாங்காதே. முழங்கால் வலி இருந்தாலும் அது உன் முழங்கால். இரண்டு, இந்தக் கடிதம் கண்டதும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பி வா. வந்து பெட்டி, கேமரா, இரண்டு குச்சி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் எங்காவது தொலைத்துவிடு. நானே செய்யலாமே என்பாய். தூக்கிக்கொண்டு போனால் வாசல் வரைதான் போக முடிகிறது, கதவுத் தாழ்ப்பாள் வலது பக்கம் இருக்கிறது, அந்தக் கை திறக்க விடுவதில்லை. நீ வந்தால் அது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். விருந்தாளி முன்னால் என் கை எப்போதும் மரியாதையாகத்தான் இருந்திருக்கிறது. தாமதம் செய்யாதே, தம்பி. உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, தங்கள் கைகால்களைத் தாங்களே ஆண்டுகொண்டு நீடூழி வாழ ஆசீர்வாதம். இதை மடித்து உறையில் போட்டு ஒட்ட இரண்டு கை வேண்டும், அதற்காக இரண்டே நிமிடம் மட்டும் துண்டை அவிழ்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்
(இடது கையால்)

பி.கு.: மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, வணக்கம். மேலே கண்டது முழுவதும் இடது கை எழுதியது. நாலு நாள் பழகிய கையை நம்புவதா, முப்பத்து நான்கு வருடம் எழுதிய கையை நம்புவதா என்பதைத் தாங்கள் இந்த எழுத்தைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம். பென்ஷன் அலுவலகம் முடிவு செய்துவிட்டது. தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: தாராளமாகத் தகும். வாங்குங்கள். டிவிக்கு ஆறடி தள்ளி நின்று, முதலில் வலிக்கிற முழங்காலைக் காட்டுங்கள். தங்கள் முழங்காலோடு பழக ஆவலாக இருக்கிறேன். பயணம் செய்து இங்கு வரத் தேவையில்லை. பேட்டரி டப்பாவைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. மூடியைத் திறந்து கொடுத்தவனுக்கு அது இருக்கும் இடம் தெரியாதா? நாளைக் காலை பத்து மணிக்கு இடது கைக்குப் பயிற்சி தொடக்கம். இனி இந்த வீட்டிலிருந்து தங்களுக்குக் கோணல் எழுத்தில் கடிதம் வராது. இன்னும் விரிவாக எழுதியிருப்பேன், தங்கள் அக்கா ஜன்னலோரம் சீப்போடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் போக வேண்டும்.