வால் முளைத்த மோரிஸ்

இந்தக் கோடைக்குள் தன் பழைய மோரிஸ் காரைத் தலைமுழுகிவிடுவது என்று கத்பர்ட் பில்லிங் முடிவு கட்டிவிட்டார். சும்மா முடிவில்லை, ஆண்பிள்ளை முடிவு. மனைவி டோரீனிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். போர் முடிந்த கையோடு வந்தது உருண்டை முகம். அப்புறம் வந்ததற்கு உடம்பு பெருத்தது. மூன்றாவது, என்ஜின் மூடியில் மடிப்பு வைத்த மாடல், அவர் கொட்டகையில் நிற்கிறது. இப்போதோ, இந்த ஐம்பத்தொன்பதில், கடைக் கண்ணாடிக்குள்ளே புதுசு. பின்னால் இரண்டு பக்கமும் வால் இறக்கை! பார்த்த நாளிலிருந்து மனுஷர் மனுஷராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கிற சாக்கில் உள்ளே போய் உட்காருவார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடினால் கொட்டகைச் சுவர் கரைந்துபோகும். கார்ன்வால் கடலோரச் சாலை விரியும். முதுகுக்குப் பின்னால் மெல்ல இறக்கை முளைக்கும். சக்கரம் தரையில் படாமல் வண்டி வெயிலுக்குள் மிதக்கும். வழுக்கைத் தலையில்கூட முடி பறக்கும். ஆகா, என்ன சுகம்!

"டீ ஆறுதுங்க. கடல் வந்துடுச்சா, இல்ல இன்னும் கொட்டகைதானா?"

"டோரீன், இந்த மாடல் செத்துப்போச்சும்மா. இதை வார்க்கிற அச்சையே இந்தியாவுக்குக் கப்பலேத்திட்டாங்க."

"அப்ப அங்க பிணத்துலயா சவாரி போறாங்க? வேண்டாம்னா எங்கிட்டக் கொடுங்க. நானே ஓட்டிட்டுப் போய்க் கடலைப் பாத்துட்டு வரேன்."

"நீயா? இது என்ன தையல் மெஷினா?"

டோரீன் சிரித்தாள். போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் படையில் இருந்தவள் அவள். அங்கே டீ போட்டிருப்பாள் என்பது கத்பர்ட்டின் நினைப்பு. கேட்டுப் பார்த்ததில்லை.

கெஞ்சிப் பயனில்லை என்றதும் தந்திரத்தில் இறங்கினார். அந்தப் போர்க்காலத்தில் தெருவில் வண்டியை விட்டுப் போகிறவர்கள் என்ஜினிலிருந்து ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பாராசூட்டில் குதிக்கிற எதிரி ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதாம். கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாவிட்டால் வண்டி அசையாது. கத்பர்ட் இப்போது தன் மோரிஸிலிருந்து அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கடலுக்குப் புறப்பாடு. கூடை நிறைய சாண்ட்விச், மடியில் நாய். வண்டி இருமக்கூட இல்லை.

"சொன்னேனே, உயிர் போயிடுச்சு!" என்றார், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு.

"ஐயோ பாவம்," என்றாள் டோரீன். "அப்ப வித்துடலாம். எதிர்வீட்டு ஹெஸ்டருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பழைய இரும்பு விலைக்கு எடுத்துப்பாங்களாம். அந்தச் சட்டையைக் கழட்டுங்க, வண்டி மை பட்டிருக்கு, துவைச்சுப் போடறேன்."

இவ்வளவு சுலபமா! கத்பர்ட் வாங்குகிறவர் பேரைக்கூடப் படிக்காமல் விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். ஹெஸ்டர் ஆள் கூட்டிவந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். துவைத்து வந்த சட்டைப் பையில் ஒரு பெப்பர்மின்ட் கிடந்தது. நல்ல மனைவி என்று வாயில் போட்டுக்கொண்டார்.

வாலுள்ள புது வண்டி அடுத்த கோடையில்தான் கைக்கு வரும் என்றார்கள் கடையில்.

திங்கட்கிழமை நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில், காற்றில் குடை மடங்கித் திரும்ப, நின்றார் கத்பர்ட். கண்ணை மூடினார், கார்ன்வால் வெயில் அடித்தது. தூரத்தில் பழக்கமான ஒரு சத்தம். பழைய மோரிஸின் அதே உறுமல். கனவென்றே நினைத்தார். சேறு முகத்தில் அடித்தபோதுதான் விழித்தார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு டோரீன்.

"இது... இது நம்ம வண்டி!"

"என் வண்டிங்க. என் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே. லண்டன்ல குண்டு விழுறப்ப ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் ஓட்டினவ நான். அப்பல்லாம் ரோட்டர் என் பையிலதான் தூங்கும். உங்க சட்டைப் பையில பாத்ததும் எனக்குத் தெரியாதா?"

"எங்கம்மா போறே?"

"கடலுக்கு. வழியில உங்களை ஆபீஸ்ல எறக்கி விடறேன்."

கத்பர்ட் முன்கதவைத் திறக்கப் போனார். அங்கே நாய் வாலை ஆட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"பின்னாடி ஏறிக்குங்க. உங்களுக்குத்தான் வால் பிடிக்குமே, பாத்துக்கிட்டே வாங்க."