நம்பத்தகுந்த வட்டாரம்

ஞாயிறு பிற்பகலானால் போதும், அந்நகர மண்டபத்தில் நாற்காலி கிடைப்பது நற்கதி கிடைப்பதைவிட அரிதாகிவிடும். வரிசை வாசலைத் தாண்டும், டயர்க் கடையைத் தாண்டும், அச்சகத்தைச் சுற்றி வளைந்து மீண்டும் வாசலுக்கே வந்து சேரும். அத்தனை பேரும் அஞ்சுவதற்கு வந்தவர்கள். வீட்டிலிருந்தபடி இலவசமாக அஞ்சலாம், அது சுவைக்கவில்லை. சீட்டு வாங்கி, முறையாக அமர்ந்து, வல்லுநர் ஒருவர் முன்னிலையில் அஞ்ச வேண்டும்.

அவ்வல்லுநருக்கு ஊரார் வைத்த பெயர் முன்கூட்டியார். உலகின் எந்த மூலையில் குண்டு வெடித்தாலும் மறுநாள் காலையில், "இதை நான் முன்கூட்டியே சொன்னேன்" என்பார். அவர் சொன்னதைக் கேட்டவர் ஒருவருமில்லை. சொன்னதாகச் சொன்னதைக் கேட்டவர்கள் ஆயிரவர். அந்த ஆயிரவரே சாட்சி.

முற்காலத்தில் இவ்வினத்தார் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ரேகை பார்த்தார்கள். இவர் ஊரின் வரைபடத்தையே திரையில் விரித்துப் புள்ளி வைத்தார். பச்சைப் புள்ளி பெற்ற கட்டடம் காக்கப்பட்டது. சிவப்புப் புள்ளி பெற்றது பயங்கரவாதிகளின் கூடு. அவரிடம் பாதுகாப்புச் சான்று வாங்கிக் கதவில் ஒட்டிய கட்டடங்களெல்லாம் பச்சையாகவே அமைந்தது தற்செயல் என்றுதான் கொள்ள வேண்டும். மேசைமேல் முள் வைத்த பெட்டி ஒன்று. அதன் பெயர் அச்சமானி. கொடியவன் பெயரைக் கேட்டால் முள் துடிக்கும்.

இறைவன்கூடத் தன்னை ஐயுறுவோரைப் பொறுத்தருள்கிறான். பாட்டிலே வைத்து வைதவர்களுக்கும் பதம் கொடுத்தான். முன்கூட்டியாரை ஐயுற்றாலோ அது தேசத் துரோகம்.

முதல் வரிசையில், தூணுக்கு அருகே, வாராவாரம் தவறாது வந்து அஞ்சுபவர் விடுதிக்காரர். அச்சகத்துக்கு மேல்மாடியில் அவருடைய விடுதி. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஆண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். எவன் குறட்டை விடுவான், எவன் உறக்கத்தில் தாயை அழைப்பான் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

அன்று திரையில் ஒரு புதிய சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது. மண்டபம் கை தட்டிற்று. விடுதிக்காரரும் தட்டினார், பலமாகவே. தட்டி முடித்த பிறகுதான் அது தம்முடைய விடுதி என்பது அவருக்கு விளங்கிற்று. கூரை ஒழுகுகிறதே என்று பணத்தை அதற்குப் போட்டு, இவ்வாண்டு சான்றைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்.

"எல்லாம் ஆம்பளைங்க," என்றார் முன்கூட்டியார், குரலைத் தாழ்த்தி. "பகல் பூரா தூங்குறாங்க. ராத்திரி கிளம்புறாங்க. விடியக்காலம் திரும்புறாங்க. எப்படித் திரும்புறாங்க? உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோட!"

"ஐயையோ!" என்றது அவை.

மேடையில் வீற்றிருந்த நகரத் தலைவர் ஒலிவாங்கியைப் பற்றினார். அடுத்த ஞாயிறு இதே மண்டபத்தில் மக்களைக் கை உயர்த்தச் சொல்லி, அவ்விடுதிக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைப்பதாக அறிவித்தார்.

விடுதிக்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"ஏங்க, அது மாவு," என்றாள் அவள்.

"மாவுன்னு நீ நினைக்கிற."

"நான் எதுக்கு நினைக்கணும்? அவங்க சட்டையத் துவைக்கிறவ நானு."

"முன்கூட்டியார் பொய் சொல்லுவாரா?"

"அப்ப நான் சொல்றேனா?"

இல்லறத்தில் சில வினாக்களுக்கு வாசற்படியே விடை. விடுதிக்காரர் அதைத் தாண்டி விடுதிக்குப் போனார். ஆயினும் அவர் மனம் அடங்கவில்லை. தம் கண்ணைவிடத் திரையில் கண்ட புள்ளியே அவருக்கு மெய்யாகத் தோன்றிற்று. சாவித் துவாரங்களில் கண் வைத்தார். ஒருவன் தலைமாட்டில் ஒரு பொட்டலம் இருந்தது.

"இது என்ன தம்பி?"

"ஈஸ்ட்டு அண்ணே. கொஞ்சூண்டு போட்டாப் போதும், பெருசாக் கிளம்பும்."

'கிளம்பும்' என்ற சொல் அவர் காதில் குண்டாகவே விழுந்தது. மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை, பிழைக்க வந்தவர்களுக்கு இது பழகிய சொல். ஆட்கள் போய்விட்டால் புள்ளியும் போய்விடும் என்று அவர் எண்ணினார். ஆட்களோடு தம் பிழைப்பும் போகும் என்பதை அவர் எண்ணவில்லை.

அவ்வேளையில்தான் விடுமுறைக்கு வந்து சேர்ந்தாள் அவருடைய கொழுந்தியாள். மனைவிக்குத் தங்கை. பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆய்வு எதைப் பற்றி என்கிறீர்கள்? பயங்கரவாதமும் உள்நாட்டுப் பாதுகாப்பும். வீட்டிலேயே ஆராய்ச்சிக்காரி இருக்க, விடுதிக்காரர் அவளிடம் இதுவரை ஒரு சொல் கேட்டதில்லை. வீட்டுப் பெண் சொன்னால் அது பேச்சு. மேடையேறிய ஆண் சொன்னால் அது ஆய்வு. உலக வழக்கை அவர் மட்டும் மீறுவாரா?

"அத்தான், அந்த ஆளு என்ன ஆதாரம் குடுத்தாரு?" என்றாள், அக்காள் வாசலிலேயே சொன்னதைக் கேட்டு, பையைக்கூட இறக்கி வைக்காமல்.

அவர் பெருமையோடு முன்கூட்டியாரின் அறிக்கையை நீட்டினார். "ஒண்ணில்லம்மா, மூணு! வெளிநாட்டு ஆய்வு மையம் ஒண்ணு. 'பாதுகாப்பு முரசு'ன்னு மாத இதழ் ஒண்ணு. நம்ம ஊருப் பத்திரிகை ஒண்ணு."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வெளிநாட்டு மையம் தன் செய்தியைப் 'பாதுகாப்பு முரசி'லிருந்து எடுத்ததாக எழுதியிருந்தது. முரசைப் புரட்டினால், ஊர்ப் பத்திரிகையிலிருந்து எடுத்ததாக இருந்தது. பத்திரிகையோ, "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்று சொல்லிவிட்டு வாய் மூடிக்கொண்டது.

"யாரு அந்த வட்டாரம்?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா. ரகசியம்."

அவள் பத்திரிகை ஆசிரியரையே தொலைபேசியில் அழைத்தாள். அவர் ஒளிக்கவில்லை. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. "வேற யாரும்மா, நம்ம முன்கூட்டியார்தான்!"

அவள் கணினியை மூடினாள். "அத்தான், இது வட்டாரம் இல்ல. வட்டம். அவரு சொன்னதைப் பத்திரிகை சொல்லுது, பத்திரிகை சொன்னதை முரசு சொல்லுது, முரசு சொன்னதை மையம் சொல்லுது, மையம் சொன்னதை மறுபடி அவரு மேடையில சொல்றாரு."

"இருந்தாலும் மூணு இடத்துல வந்திருக்கேம்மா!"

"ஒரே ஆளு மூணு சட்டை மாத்திட்டு வந்தா மூணு பேரா அத்தான்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப நீ யாரைத்தான் நம்புவ?"

"நான் ஒரு கட்டுரைய எடுத்தா யாரு பாத்தாங்க, எப்பப் பாத்தாங்க, யாரு பணத்துல எழுதினாங்கன்னு தேடுவேன். ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி, 'இது எங்களுக்குத் தெரியல'ன்னு எழுதியிருக்காங்களான்னு பாப்பேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆளு, தெரியும்னு சொல்றப்ப காது குடுக்கலாம்."

"முன்கூட்டியாருக்குத் தெரியாததே கிடையாதே!"

"அதான் அத்தான் எனக்குப் பயமா இருக்கு."

ஞாயிறு வந்தது. சன்னல்களிலும் ஆட்கள் தொங்கினார்கள். ஒரு விடுதியை மூடுவதைக் காண இத்தனை கூட்டம். திறந்த அன்று வந்தவர் விடுதிக்காரரின் மாமனார் மட்டுமே. முன்கூட்டியார் பேசி முடித்ததும் கொழுந்தியாள் எழுந்தாள்.

"ஐயா, இந்தத் தகவலுக்கு மூலம் எது?"

"மூலத்துக்கு வைத்தியரப் பாரும்மா, இங்க எதுக்கு வந்த?" என்றது பின்வரிசை. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. விடுதிக்காரர் தூணுக்குள் புகுந்துகொள்ள இடம் தேடினார்.

அவளும் சிரித்தாள். "சரிங்க. வேற ஒரு சந்தேகம். தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, தப்பே இல்ல. கொ.ஒ.கு.ன்னு ஒரு அமைப்பு இருக்கு. அதைப் பத்தி உங்க ஆய்வு என்ன சொல்லுது?"

'தெரியாது.' நான்கே எழுத்து. குழந்தையும் சொல்லும் சொல். கல்லாதவனைக் கற்றவனாக்கும் முதற்சொல்லும் அதுவே. முன்கூட்டியாரின் நாவில் அது ஏறவில்லை. அவர் கண்களை மூடினார். பெட்டியை ஒரு கையால் அடியோடு பற்றினார். முள் துடித்தது, துள்ளியது, மறுகோடியில் போய் முட்டி நின்றது.

"கொ.ஒ.கு!" என்றார், பல்லைக் கடித்து. "கொலைகார ஒற்றர் குழாம்! இந்தப் பேரை இந்த மண்டபத்துல யாரும் சொல்லிடக் கூடாதுன்னு இருந்தேன். வருஷக்கணக்கா அவனுங்களைப் பின்தொடர்றேன். ரத்தம் குடிக்காமத் தூங்க மாட்டானுங்க. போன மாச முரசுல எல்லாம் ஆதாரத்தோட வந்திருக்கு. இந்த நிமிஷம், நம்ம நகரத்துல, கொ.ஒ.கு. முழுவீச்சுல வேலை செஞ்சிட்டிருக்கு!"

யாரோ ஒரு பெண் தன் குழந்தையை இறுக அணைத்தாள். நகரத் தலைவர் பாய்ந்தெழுந்தார். "அதோட தலைவன் எவனா இருந்தாலும் சரி! என் கையாலேயே விலங்கு மாட்டுவேன்!"

கரவொலி கூரையைத் தொட்டது. அது அடங்கும்வரை கொழுந்தியாள் பொறுத்திருந்தாள்.

"மாட்டிக்குங்க ஐயா. தலைவர் நீங்கதான்."

நகரத் தலைவர் திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார்.

"கொ.ஒ.கு.ன்னா கொசு ஒழிப்புக் குழு. உங்க நகராட்சியோட குழு. இந்த மண்டபத்து மாடிப்படிக்கு அடியில பூட்டிக் கிடக்குதே ஒரு அறை, அதான் ஆபீசு. கதவுல பலகை இருக்கு. தலைவர்னு உங்க பேரும் இருக்கு."

டயர்க் கடைக்காரர் வெளியே ஓடினார், திரும்பி வந்தார். "ஆமாங்க! பலகை இருக்கு. பூட்டு துருப்புடிச்சிருக்கு."

"கொசு ஒழிப்புக் குழு முழுவீச்சுல வேலை செய்யுதாமே!" என்று கத்தினார் பின்வரிசைக்காரர், கழுத்தில் ஒன்றை அடித்தபடி. "இந்த ஊர்ல இதைவிடப் பெரிய பொய்ய எவனும் சொன்னதில்லடா சாமி!"

சிரிப்பு இம்முறை மேடையை நோக்கிப் பாய்ந்தது. முன்கூட்டியார் மறுகையை உயர்த்தினார். "அது வேற கொ.ஒ.கு. இது வேற! முரசுல…"

முதல் வரிசையில் பத்திரிகை ஆசிரியர் சங்கடத்தோடு எழுந்தார். கெட்டவர் அல்லர், கேட்டதை அச்சடித்தவர். "மன்னிச்சுக்குங்க. அந்த முரசை அடிக்கிறதே அவருதாங்க, எங்க அச்சகத்துல. வெளிநாட்டு மையத்தோட முகவரி அவரு மச்சான் வீடு. நான்தான் தபால் அனுப்புறேன்."

டயர்க் கடைக்காரர் அதற்குள் மேடையேறி அச்சமானியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டார். அடியில் ஒரு பொத்தான். பொத்தானின்மேல் முன்கூட்டியாரின் கட்டைவிரல், எடுக்க மறந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்படி நடக்கும்னு நான் முன்கூட்டியே…" என்று அவர் வாயெடுத்தார்.

"தெரிஞ்சிருந்தா இன்னிக்கு வந்திருக்க மாட்டியே!" என்றது சன்னலில் தொங்கிய குரல். அவர் பின்வாசல் வழியாகப் போனார்.

நகரத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவருக்கு ஏதேனும் ஒன்றைப் பூட்டியே ஆக வேண்டியிருந்தது. "அவரை விடுங்க. ஆனா அந்த விடுதி… அந்த வெள்ளைப் பொடி இருக்கே, அது என்ன?"

சில தலைகள் ஆமென்று அசைந்தன. பெட்டியின் குட்டு உடைந்த பின்னும் அச்சம் மிஞ்சியிருந்தது. சில கைகள் உயரத் தொடங்கின.

தூணருகே விடுதிக்காரர் எழுந்தார். அம்மண்டபத்தில் அவர் இதுவரை கை தட்டியதன்றி வாய் திறந்ததில்லை.

"அது மாவுங்க," என்றார்.

"யாரு சொன்னா?"

"என் பொண்டாட்டி சொன்னா. நான் நம்பல." தூணை விட்டு ஓரடி முன்னே வந்தார். "நானும் என் கண்ணால பாத்தேன். அதையும் நம்பல. வேலைக்குப் போறப்ப சுத்தமாப் போறாங்க, வர்றப்ப மாவோட வர்றாங்க. நீங்கல்லாம் காலையில சாப்பிடுறீங்களே, அந்த ரொட்டி தானா வேகுதா? அவனுங்களைப் பத்தி இந்த ஊர்லயே தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். என்னை யாரும் கேக்கல. நானும் என்னைக் கேட்டுக்கல."

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன. சில, தலைமுடியைக் கோதத்தான் உயர்ந்தன என்பதுபோல் பாசாங்கு செய்தன.

அவர் விடுதிக்கு ஓடினார். கூடத்தில் மூட்டைகள் கட்டி வரிசையாய் வைக்கப்பட்டிருந்தன. அறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டே புறப்படுகிறார்கள். மூத்தவன் சாவிகளை நீட்டினான்.

"வேணாம்ப்பா. யாரும் போக வேணாம். உங்களைப் பத்தி ஒருத்தன் தப்பாச் சொன்னான். நானும் நம்பிட்டேன்."

அவன் சாவியை நீட்டிய கையை மடக்கவில்லை. "என்ன சொன்னான்?"

விடுதிக்காரர் சொன்னார். சொல்லச் சொல்லத் தம் சொல்லே தமக்குக் கூசிற்று. அறைவாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எங்களைப் பத்தித் தெரியணும்னா," என்றான் அவன் மெல்ல, "எங்களையே கேட்டிருக்கலாமே அண்ணே."

மண்டபத்தில் இப்போது நாற்காலிகள் காலி. அடுத்த வல்லுநர் இந்நேரம் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார். அவர் வரும் நாளில் ஒன்றை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்: படைத்தவன் கழுத்தின்மேல் தலையை அமைத்தது, மேடையிலிருந்து எவன் எதைச் சொன்னாலும் ஆட்டுவதற்காக மட்டும் அன்று.