குழாயை மூடிய ஹம்தி

குளிர் பிரதேசங்களில் ஓநாய் உண்டு, கரடி உண்டு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவற்றைவிட அதிகமாக நடமாடும் இன்னொரு பிராணியைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. குளிரை ஒப்புக்கொள்ளாத மனிதர் என்று அதற்குப் பெயர். துருக்கியின் எர்சுரும் நகரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் தெருவுக்கு ஹம்தி.

ஜனவரி மாதக் காலை. ஊரே தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டு நடந்துகொண்டிருக்கும். அப்போது ஹம்தி ஒரு மெல்லிய கோட்டோடு, கழுத்தில் துணியில்லாமல், கையுறை இல்லாமல், தேநீர்க்கடைக் கதவைத் திறந்துகொண்டு வருவார். வருவார், ஆனால் கதவை மூடமாட்டார். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தானே திறந்து வைத்திருக்கிறார்?

"என்னப்பா, இதுக்குப் போயா கத்தறீங்க? இதெல்லாம் ஒரு குளிரா?"

பிறகு அடுப்புக்கு எட்டாத நாற்காலியாகத் தேடி உட்காருவார். சர்க்கரைக் கட்டியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தேநீரை உறிஞ்சியபடியே, தன் அப்பா காலத்துக் குளிரை எடுத்துவிடுவார். அந்தக் குளிரில் அப்பாவின் மீசையை நாவிதர் தொட்டதும் முனை ஒடிந்து விழுந்துவிட்டதாம். போன வருஷம்வரை முனைதான். இந்த வருஷம் பாதி மீசை ஒடிந்தது.

"பார்த்துண்ணே, அடுத்த வருஷம் மூக்கும் போயிடப்போவுது" என்பார் பக்கத்து வீட்டு ஸெலாமி. அவரும் நாவிதர்தான், தொழில்முறையில் கவலைப்படுகிறார்.

இவ்வளவு குளிரை இந்த மனிதர் எப்படித் தாங்குகிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். தாங்கவில்லை என்பதுதான் பதில். மனைவி முனிரே பின்னிய கம்பளி உள்ளாடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்துதான் ஹம்தி வெளியே கிளம்புவார். அவை துவைத்தால் கொடியில் காயாது. படுக்கையறையில், அலமாரிக்குப் பின்னால், திருட்டுப்பொருள் மாதிரி காயும். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே பெருமை இதுதான், அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

இதெல்லாம் தேநீர்க்கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவர் மகள் நெஸ்ரின், தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் தாரிக் என்ற வாத்தியாரை விரும்பினாள். தாரிக் கடலோர இஸ்மிர்க்காரன். வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பு. முதல்முறை வீட்டுக்கு வந்தபோது தொப்பி, சால்வை, மேல்கோட்டு, அதற்குள் இன்னொரு கோட்டு என்று அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி முடிப்பதற்குள் ஊற்றி வைத்த தேநீர் ஆறிவிட்டது.

"உள்ளே ஆள் இருக்கானா, இல்ல துணி மட்டும்தான் வந்திருக்கா?" என்று ஹம்தி கேட்டார்.

தாரிக் சிரித்தான். மறுவாரம் சால்வை இல்லாமல் வந்தான். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

அப்படியும் அவன் பின்வாங்கவில்லை. பெற்றோரை ஊரிலிருந்து வரவழைத்து, முறைப்படி பெண் கேட்க ஏற்பாடு செய்தான். அதற்கு முதல்நாள் நெஸ்ரின் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள். குளிரைப் பத்தி வாயைத் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். வாயைத் திறப்பதில்லை என்றுதான் சத்தியம். குழாயைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

எங்கள் ஊரில் கடுங்குளிர் நாட்களில் படுக்கப்போகும்முன் எல்லா வீட்டிலும் சமையலறைக் குழாயைச் சொட்டவிடுவார்கள். சொட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் உறையாது. முனிரேவும் விட்டிருந்தாள். ஹம்தி படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஒவ்வொரு சொட்டும் தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு 'குளிர், குளிர்' என்று சொல்வதுபோல அவருக்குப் பட்டது. எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் முனிரே குழாயைத் திருகினாள். அது ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

"பாவி மனுஷா! பொண்ணு கேட்க வர்றவங்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டாமா? கல்யாணப் பொண்ணு கையால காப்பி வராம எந்த ஊர்ல பொண்ணு கேட்டிருக்காங்க?"

"கத்தாதே. ஸெலாமிக்குக் கேட்டுடும்."

"கேட்கட்டும்! அவங்க வீட்டுக்குப் போய் ரெண்டு குடம் வாங்கிட்டு வாங்க."

"குழாய் உறைஞ்சுபோச்சுன்னு நான் அவன்கிட்டப் போய்ச் சொல்லணுமா? மாசாமாசம் அவன் கத்திக்குக் கீழே தலையைக் குடுக்கறவன்டி நான்!"

வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சுத்தமான பனியாகப் பார்த்து அள்ளி வந்து அடுப்பில் உருக்கினார். ஒரு வாளி பனியை உருக்கினால் என்ன தேறும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு செம்புகூடத் தேறாது. மறுபடி போனார், மறுபடி வந்தார். கொல்லை தீர்ந்து வாசலுக்கு வந்து, இடுப்பு ஒடியக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது, வாடகைக் கார் வந்து நின்றது. தாரிக்கும் அவன் அப்பா ரெஃபிக்கும் அம்மா பெய்ஹானும் இறங்கினார்கள்.

"என்னங்க இது?" என்றார் ரெஃபிக், பெண்ணின் தகப்பனார் கையில் பனி வாளியைப் பார்த்து.

"காப்பிக்குத்தான். விசேஷம்னா நாங்க குழாய்த் தண்ணியைத் தொடறதில்லை. புதுப் பனியை உருக்கித்தான் போடுவோம். தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம்!"

இரண்டு வருஷமாக எங்கள் ஊரில் காப்பி குடிக்கும் தாரிக் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பையன்.

காப்பி வந்தது. பொறுமையைச் சோதிக்கும் வழக்கப்படி மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் நெஸ்ரின் உப்பை அள்ளிப் போட்டிருந்தாள். தாரிக் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தான். ரெஃபிக் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுக்கப்போனார். பெய்ஹான் கையைத் தூக்கினாள்.

"இருங்க. கேட்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். போன மாசம் என் பையன் நெஞ்சுச் சளியோட படுத்த படுக்கையா கிடந்தான். ஏன்டா சால்வை போட்டுக்கலைன்னு போன்ல கேட்டேன். 'நெஸ்ரின் அப்பா சிரிப்பாரும்மா'ன்னான். முப்பது வயசு ஆம்பளை, உங்க சிரிப்புக்குப் பயந்து சால்வையைக் கழற்றி வெச்சிருக்கான். ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் இருக்குமா? இருக்கும்னா இப்பவே சொல்லிடுங்க. காப்பி நல்லா இருந்தது, நாங்க கிளம்பறோம்."

நெஸ்ரின் காலிக் கோப்பைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். 'துணி மட்டும்தான் வந்திருக்கா' என்ற அந்த வசனம் தேநீர்க்கடையில் எத்தனை நாள் கைத்தட்டல் வாங்கியது என்பது ஹம்திக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பையன் படுத்துக் கிடந்தது இப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. 'எங்க அப்பா காலத்துல' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். மகளைப் பார்த்தார். குனிந்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார்.

உள்ளே சாம்பல் நிறக் கம்பளி. அதற்குள் பழுப்புக் கம்பளி.

"எனக்கும் குளிரும்மா" என்றார். "எப்பவும் குளிரும். அக்டோபர்லயே ஆரம்பிச்சுடும். பனித் தண்ணி வழக்கம்னு சொன்னதும் பொய். வீம்புக்குக் குழாயை மூடினேன், உறைஞ்சுபோச்சு. இனிமே உங்க பையனைப் பார்த்து இந்த வீட்டுல யாரும் சிரிக்கமாட்டாங்க."

"மூணாவது ஒண்ணு இருக்கே, அதையும் காட்டுங்களேன்!" என்று சமையலறையிலிருந்து முனிரேவின் குரல் வந்தது.

முதலில் சிரித்தது பெய்ஹான். சிரித்துக்கொண்டே எழுந்துவந்து கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல கையா இருக்கே, யார் பின்னினது? என் பையனுக்கும் ரெண்டு வேணும்."

அதன்பிறகுதான் ரெஃபிக், அல்லாஹ்வின் கட்டளைப்படியும் நபியின் சொற்படியும் பெண்ணைக் கேட்டார். கொடுத்தாயிற்று.

ஹம்தி திருந்தினாரா என்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இப்போது தேநீர்க்கடையில் அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, கால்சட்டையைத் தானே சுருட்டிக் காட்டுகிறார். "மூணு போட்டிருக்கேன். எங்க அப்பா காலத்துல அஞ்சு போடுவாங்க. நீங்கள்லாம் ஒண்ணோட திரியறீங்களே, அதெல்லாம் ஒரு கம்பளியா?"

சிரிக்கிறீர்கள். உங்கள் ஊரில் பனி பெய்யாது, கம்பளி விற்காது, இந்தப் பிராணி உங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்ற தைரியம். இருக்கட்டும். போன சித்திரையில், நடு மத்தியானம் கரண்ட் போனபோது, உங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் ஒரு பழைய வாரப் பத்திரிகையை எடுத்து விசிறிக்கொண்டாள். "இதுக்கேவா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, சாயங்காலம்வரை வியர்வையோடு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்டது யார் என்று அவளுக்கு நினைவிருக்கிறது.